சீன அன்ரி வீட்டுக் கொழுக்கட்டை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டில் இருந்தேன். வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண் நான். படிப்புக்காக நல்லூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். கல்லூரியின் சமூகசேவைக் குழுவில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த இடம் முஸ்லிம்கள் வாழும் சோனகதெரு. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே ஒரு வீட்டு விறாந்தையில் சிறுமிகளுக்குக் கணக்கும் இங்கிலிசும் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வீட்டுப் பெண்ணை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் போகத் தொடங்கிச் சில மாதங்களில் அக்காவின் கணவர் மாரடைப்பால் திடீரென்று இறந்துபோனார். வகுப்பு நின்றுவிடும் என்று நினைத்தேன். அக்கா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "பிள்ளையள் வரட்டும். சத்தம் கேட்டால் எனக்கு ஆறுதல்."

இத்தா என்ற சொல்லை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டார். பிற ஆண்கள் முன் வரமாட்டார். எங்கள் ஊரில் தாலி கழற்றிய பெண்ணுக்கு முடிவே இல்லாத ஒரு காலம் தொடங்கும். அக்காவுக்கோ முடிகிற நாள் தெரிந்திருந்தது. அதைப் பற்றிப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நோன்பு மாதம் பிறந்தது. ஒரு சனிக்கிழமை உள்ளே போய்ப் பார்த்தால் அக்காவின் ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண்ணை மூடிவிட்டிருந்தது. கடைவாய்ப் பல்.

"ஆசுப்பத்திரிக்குப் போவமே அக்கா. இத்தாவிலையும் வருத்தத்துக்கெண்டால் போகலாந்தானே?"

"போகலாமெண்டுதான் எல்லாரும் சொல்லினம். எனக்கு மனம் வருகுதில்லை பிள்ளை. இத்தா முடியட்டும்."

"அதுக்குள்ளை பல்லு உங்களை முடிச்சுப்போடும்!"

நேரே பெரியகடைப் பக்கம் போனேன். பெரிய பற்கள் வரைந்த பலகையோடு ஒரு சீனப் பல் வைத்தியரின் கடை அங்கே இருந்தது. அதற்கு முன் நான் கண்ட சீனர்கள் சைக்கிளில் பட்டுத்துணிப் பொதியோடு ஊருக்கு வருகிறவர்கள்தான். வைத்தியர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுத் திரும்பி மனைவியைப் பார்த்தார். சீன அன்ரி என்று ஊரே அழைத்த அந்த அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆம்பிளை வரக்கூடாதெண்டால் நான் வாறன். இவர் பிடுங்கிற பல்லிலை பாதி நான்தான் பிடுங்கிறது."

வைத்தியர் மறுக்கவில்லை, சிரித்தார்.

அன்ரியும் நானும் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நோன்பு திறக்கட்டும் என்று காத்திருந்தோம். பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் அக்கா ஈச்சம்பழத்தை வலியோடு மென்று தண்ணீர் குடித்தார். எங்களுக்கும் கஞ்சி வந்தது. அன்ரி ரசித்துக் குடித்தார். எனக்கு அப்போது கந்தசஷ்டி விரதம். அந்த வருடம் இரண்டும் ஒன்றாக வந்திருந்தன. வேண்டாம் என்றேன்.

"நீயும் பட்டினியோ?" என்றார் அன்ரி. "இந்த ஊரிலை எல்லாரும் பட்டினி கிடந்து கும்பிடுறியள். எங்கடை ஆக்கள் சாப்பாடு வைச்சுக் கும்பிடுறது."

அக்கா வீங்கிய வாயோடு சிரித்தார்.

நான் ரோச்லைற் பிடிக்க, அன்ரி ஊசி போட்டு, விறைத்தபின் பல்லை எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா அழத் தொடங்கினார். வலியால் என்று பயந்து இன்னொரு ஊசி போடச் சொல்லவா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அவர் மௌத்தான நாளிலை இருந்து எனக்கு அழுகை வரேல்லை," என்றார், பஞ்சைக் கடித்தபடியே. அன்ரி அக்காவின் வாயைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பக்கத்தில் இருந்தார்.

தைப்பொங்கல் கழிந்து சீனப் புதுவருடம் வந்தது. அக்காவின் இத்தா அதற்குச் சற்று முன்தான் முடிந்திருந்தது. அன்ரி இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். அக்காவுக்குப் போக ஆசைதான், ஆனால் அங்கே சாப்பிடுவதில் அவருக்கிருந்த தயக்கம் எனக்குத் தெரிந்தது. அது அன்ரிக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் போனதும் முதலில் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"சட்டி புதுசு, கத்தி புதுசு, பலகை புதுசு. பண்டியிறைச்சி இதுகளுக்குக் கிட்டவும் வரேல்லை. எல்லாம் மரக்கறி, இந்தச் சைவப் பிள்ளைக்காக முட்டையும் போடேல்லை."

மூவரும் தரையில் இருந்து மாவை உருட்டி வட்டமாகத் தட்டி, அரிந்த கோவா இலையும் லீக்ஸும் வைத்து, விளிம்பை மடித்து மடித்து மூடினோம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அச்சொட்டாக எங்கள் பல்லுக்கொழுக்கட்டை. குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் தலையில் கொழுக்கட்டை கொட்டிக் கொண்டாடுவோம் என்று சொன்னேன். அன்ரி அதைக் கூடத்திலிருந்த கணவருக்குச் சீனத்தில் சொன்னார்.

"முளைச்சால் கொண்டாடுறியள். சூத்தையானால்தான் என்னட்டை வாறியள்," என்றார் வைத்தியர்.

கூடத்தில் அவருடைய தகப்பனின் படத்துக்கு முன்னால் தோடம்பழமும் சோறும் படைத்து, ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டுத் திவசப் படையலை நினைத்துக்கொண்டேன். பின்னேரத்து அசர் தொழுகைக்கு நேரமானபோது வைத்தியர் தன் வேலையறையை ஒதுக்கிக் கொடுத்தார். உள்ளே போன அக்கா உடனே வெளியே வந்தார்.

"அன்ரி, தட்டிலை இருக்கிற பல்லெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்குது."

அன்ரி ஓடிப்போய்ச் செயற்கைப் பல்வரிசைகளுக்கு மேல் ஒரு துவாயைப் போட்டுவிட்டு வந்தார்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "சீனற்றை வீட்டிலை சாப்பிட்டனியோ?" என்று அதிர்ந்துபோனார். இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் புறப்படும்போது ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழத்தைப் பையில் வைத்தார். "சும்மா கையை வீசிக்கொண்டு போகாதை. அதுகளுக்குக் குடு."

நான் படித்து முடித்து ஆசிரியையான பின்னும் எங்கள் பழக்கம் தொடர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் சீனக் குடும்பம் வெளிநாட்டிலிருந்த மகனிடம் போக முடிவெடுத்தது. வழியனுப்ப அக்காவும் நானும் யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குப் போனோம். ரயில் பெட்டிக்கு வெளியே நின்றபடி அக்கா கேட்டார்: "அன்ரி, உங்கடை பேர் என்ன?"

அன்ரி கொஞ்சம் திகைத்தார். பிறகு சொன்னார். நான் சொல்லிப் பார்த்தேன், பிழை என்றார். ராகம் போலக் குரலை ஏற்றி இறக்கித் திரும்பவும் சொல்லிக் காட்டினார். எனக்கு வரவில்லை. ரயில் அசையத் தொடங்கியதும் அக்கா பலத்த குரலில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்ரி யன்னலால் தலையை நீட்டி, "ஓம், ஓம், அதுதான்!" என்று கத்தினார்.