லயத்துக்குப் பின்னால் ஒரு ஜப்பான் குளம்

வட்டவளைப் பக்கம் வெள்ளைக்காரர் வந்து தங்க ஒரு விடுதி கட்டுகிறார்கள். என் மகனுக்கு அங்கேதான் வேலை. போன மாதம் என்னைக் கூட்டிப்போய், மெஷின் வைத்து வெட்டிய குளத்தைக் காட்டினான். ஜப்பான் முறையாம். சிவப்பும் வெள்ளையுமாக மீன் விடுவார்களாம்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஒங்க தாத்தா கட்டுனதுல பாதி வராது."

சிரித்தான். சிரிக்கட்டும், அவன் அதைப் பார்த்ததில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பாவுக்குத் தேயிலை எஸ்டேட் துரையின் பங்களாத் தோட்டத்தில் வேலை. துரை ஒரு படப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அங்கே ஜப்பான் குளம் கட்டினார். கல் சுமந்தது அப்பா. வேலை முடிந்ததும் துரைசானி நாலைந்து மீன்குஞ்சுகளை பிஸ்கட் டின்னில் விட்டுக் கொடுத்தாள். டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தண்ணீர் அலம்பாமல் அப்பா நடந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, போவதென்று முடிவெடுத்துவிட்டார். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டுதான் கப்பலேறுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். தாய் தகப்பன் இல்லாத அம்மாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவர் சொல்லை அம்மா தட்டியதே இல்லை. அப்பாவோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனார்.

"கப்பலேறப் போறவுங்களுக்குக் கொளம் எதுக்குங்க? மீன கக்கத்துல இடுக்கிக்கிட்டா போறது?" லயமே கேட்கும்படி அம்மா கத்தினாள்.

"வளர்றது வளரட்டும்," என்றார் அப்பா.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் நுனியால் முதலில் தரையில் கோடு போட்டார். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. அவரைக்கொட்டை மாதிரி ஒரு வளைவு. குளிருக்கு மீன் ஒதுங்க ஒரு மூலையை மட்டும் ஆழமாக வெட்டினார். சிமெந்துக்கு எங்கே போவது? புற்றுமண்ணைக் குழைத்துப் போட்டு எங்களை மிதிக்கச் சொன்னார். பிள்ளைகள் எல்லோரும் முழங்கால்வரை சேற்றோடு குதித்தோம். மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரை மூங்கில் குழாயில் கொண்டுவந்து சொட்டவிட்டார். நிரம்பி வழிந்தது லீக்ஸ் பாத்திக்குப் போயிற்று. பங்களாவில் குட்டைப் பைன் மரம் நின்ற இடத்தில், இங்கே பிடுங்கி எறிந்த கிழட்டுத் தேயிலைத் தூரை நட்டார். முறுக்கிக்கொண்டு நின்ற அந்தக் கட்டை துளிர்விட்டது பாருங்கள், அதன் அழகை அந்தப் பைன் மரத்திலும் நான் காணவில்லை.

கடைசியில் கற்கள். இரண்டைப் படுக்கப் போட்டு, என் உயரக் கல் ஒன்றை நிமிர்த்த வேண்டும். அலவாங்குக் கடப்பாரை பிடிக்க மாமாவே வந்தார்.

"என்னா மாப்ள, போற நேரத்துல பாறாங்கல்லோட மல்லுக்கு நிக்கிற? நேரா நில்லு சனியனே!" என்று கல்லைக் காலால் ஓர் உதை விட்டார். கல் நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்தபோது அந்தக் கல்லின் நெற்றியில் குங்குமம் இருந்தது.

காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அடியே, முனியாண்டி நிக்கிறாருடி!" என்றாள். சாயங்காலம் கற்பூரம் எரிந்தது. எவரோ மஞ்சள் துணி கட்டினார்கள். தண்ணீருக்குள் ஜப்பான் மீன்கள் எலுமிச்சம்பழத்தை முட்டி முட்டிப் பார்த்தன. அப்பா பாசியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

பயணம் பேச மாமா வந்தார். அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "சாமி வந்து நின்னுருச்சுண்ணே. வெளக்கு வைக்காம வுட்டுட்டு வந்தா புள்ளைகளுக்கு ஆகுமா?"

மாமா குளத்தடிக்குப் போனார். தாம் உதைத்த கல்லையே வெகுநேரம் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என் கையால நிறுத்தி வச்சிருக்கேனே தங்கச்சி," என்றார். "நீ இங்கயே இரு. பத்தரமா பாத்துக்க."

ஹட்டன் ஸ்டேசனில் ரயில் மறையும்வரை அம்மா அழுதாள். வீட்டுக்கு வந்ததும் நேரே போய் மீனுக்குச் சோற்றைக் கிள்ளிப் போட்டாள். அந்த மீன்கள் என் முழங்கை நீளத்துக்கு வளர்ந்தன.

குங்குமம் தெரிந்த அன்று, விடியுமுன் நான் எழுந்துவிட்டேன். அம்மா பின்பக்கமிருந்து பனி நனைந்த காலோடு உள்ளே வந்தாள். மோதிர விரல் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் விரலை வாளித் தண்ணீரில் முக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

லயத்திலேயே அந்தச் சாமியை முதன்முதலில் கண்டு கும்பிட்டது எங்கள் அம்மாதான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.