நிலாவுக்குத் தேங்காய்ச் சில்லு

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் வளைவு வந்தால் எல்லோரும் கம்பியைப் பிடிப்போம். சந்திரவல்லி பிடிக்க மாட்டாள். "சாமி என்னைப் பிடிச்சிருக்கு. நான் வேற கம்பியைப் பிடிக்கணுமா?" என்பாள். என் பக்கத்து வீட்டுக்காரி.

அவள் மகள் நிலாவுக்கு ஆறு வயது. காலையில் வயிறு காலியாக இருந்தால் பிள்ளைக்குக் கண் சொருகும், கை கால் வெட்டி இழுக்கும். கஞ்சி உள்ளே போனால் தெளிந்துவிடும். வலிப்பு எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. அதனால் சந்திரவல்லி பரமசிவன் கோயில் கல்கண்டை ஒரு டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருப்பாள். பிள்ளை கண் விழித்ததும் "சிவசிவா" என்று ஒன்றை வாயில் போடுவாள்.

மதுரை டாக்டரம்மா, இது பிறவியிலேயே வந்த குறையாக இருக்கலாம், முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். ஜீப்பில் சந்திரவல்லி இதைச் சொன்னதும் டிரைவர் மொக்கச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"வேணாம் ஆத்தா. எங்க பெரியப்பாவுக்கு முதுகுல ஊசி போட்டாக. கால் வெளங்காமப் போச்சு."

"அண்ணே, ஒங்க பெரியப்பாவுக்குக் கால் போனது ஊசியிலயா, கள்ளுக்கடைப் படியிலயா?"

ஜீப்பே சிரித்தது. ஆனாலும் மதுரையில் முதல் வேலையாக அவள் கேட்டது, "எம்பிள்ள நடக்குமா?" என்றுதான். நரம்புத்தண்டு முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசி போகும், நடந்தே ஊருக்குப் போவாள் என்றார் டாக்டரம்மா. ராத்திரியிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. வெறும் வயிற்றில் இரத்தத்திலும் முதுகு நீரிலும் எவ்வளவு சர்க்கரை என்று ஒப்பிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதியில் தங்கினோம். காலையில் நிலா கண் விழித்தாள். சந்திரவல்லியின் கை தானாக டப்பாவுக்குப் போனது. "சிவசிவா" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயில் போட்ட கல்கண்டை நிலா அதற்குள் கடித்து விழுங்கிவிட்டாள்.

"விடு. பிரசாதந்தானே, சாப்பாட்டுலயா சேரும்?" என்றார் அவள் வீட்டுக்காரர் அழகுமலை. "சொன்னா இன்னைக்கு முடியாதுன்னு அனுப்பிருவாக."

"சாமி குடுத்தாலும் சீனி சீனிதான். தப்பா ஒரு பதிலு வந்தா அதை வச்சு நான் எம்பிள்ளைய என்ன செய்ய?"

அழகுமலை பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா திட்டவில்லை. "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. மதியம் எடுப்போம். அதுவரைக்கும் நாங்க பக்கத்துலயே இருக்கோம்" என்றார். நிலா பசியில் அழுதாள். "ஒண்ணே ஒண்ணும்மா" என்றாள். சந்திரவல்லி டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இதை வெளிய கொண்டு போங்க. எங்கை எம்பேச்சைக் கேக்காது."

மதியத்துக்குள் பிள்ளைக்கு ஒரு தடவை கண் சொருகி அடங்கியது. நர்சு பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்று திருவாசகத்தில் தெரிந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வெளியே வந்த சந்திரவல்லி, "ஊத்துத் தண்ணி மாதிரி சொட்டுச்சு அக்கா, அம்புட்டுத் தெளிவு" என்றாள்.

சாயங்காலம் பதில் வந்தது. இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. முதுகு நீரில் மிகவும் குறைவு.

"நீங்க மலைக்குப் போற வழியில செக்போஸ்ட் இருக்குல்ல? லோடு வந்து நிக்குது, கேட் சரியாத் தெறக்கல. மூளைக்குப் போற சர்க்கரைக்கு அதுதான் கதை" என்றார் டாக்டரம்மா.

"அப்ப வேற ரோடு இல்லையா?" என்றார் அழகுமலை.

"இருக்கு. கொழுப்பு. சோத்தையும் சீனியையும் நல்லாக் குறைச்சு, எண்ணெய், முட்டை, தேங்காய் எல்லாம் அளந்து குடுங்க. மூளை அதை வச்சு ஓடும்."

உறுதி செய்ய இரத்தத்தை இன்னொரு பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். பிறகு அதுவும் அதையே சொன்னது.

ஊருக்கு வந்ததும் சந்திரவல்லி மகளை ஜீப்புக்கு முன்னால் நடத்திக் காட்டினாள். "எண்ணிக்கங்க அண்ணே. ரெண்டு காலும் இருக்கு."

நிலாவுக்கு இப்போது வலிப்பு வருவதே அபூர்வம். போன பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனோம். பூசாரி வழக்கம்போலக் கல்கண்டை நீட்டினார். சந்திரவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கல்கண்டு வேணாம் சாமி. ஒரு சில்லு தேங்கா குடுங்க. வீட்டுல அளந்து குடுக்கற தேங்காயில அந்தச் சில்லைக் குறைச்சு வச்சுட்டுத்தான் வந்தேன்."

உடைத்த மூடியிலிருந்து பூசாரி ஒரு சில்லைக் கீறிக் கொடுத்தார். நிலா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நறுக்கென்று கடித்தாள்.