ஒரே விலைக் கன்னியப்பன்

கடைப் பலகைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பால்காரர் முனியப்பா தெருவில் நின்று, "சாமி, பக்கத்துக் கடைக்காரரு போயிட்டாரு. விடியற நேரம்" என்றார். எடுத்த பலகைகளைத் திரும்பச் செருகிப் பூட்டிவிட்டு நடந்தேன். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் என் துணிக்கடைக்கு அடுத்த துணிக்கடை கன்னியப்பனுடையது. ஒரே தெருவில் ஒரே தொழில் செய்கிறவர்களுக்குள் எவ்வளவு பாசம் இருக்கும் என்பது கடைவீதி அன்பர்களாகிய உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்று கடை திறக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரைத் துணிக்கடைக்காரராக மட்டுமே அறிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னியப்பன் முதலில் நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு முட்டு மரம் வைக்கும் வேலையில் இருந்தார். அவர் மனைவி மங்கம்மாளின் தம்பி கீழே பாறை சரிந்து இறந்துபோனான். சாவு வீட்டிலேயே அந்த அம்மாள், "இனிமே நீங்க கேஜ்ல கால் வெக்கக் கூடாது" என்று கணவரிடம் சத்தியம் வாங்கினார். ஆட்களைக் கீழே இறக்கும் அந்தக் கூண்டைத்தான் எல்லோரும் கேஜ் என்பார்கள். அம்மாளின் நகைகள் துணி மூட்டைகளாயின. கடை நொடித்துப்போனால் மறுபடி கேஜில் ஏறுவதைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பில்லை.

கடை வைத்தாரே தவிர, வியாபாரம் அவருக்குத் துளியும் தெரியாது. ஊருக்குத் திரும்பிப் போகும் வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, முக்காலி வாங்கப் போனவர் புத்தகத்தோடு வந்தார். சொந்த முயற்சியால் தொழிலிலும் வாழ்க்கையிலும் முன்னுக்கு வருவது எப்படி என்று சொல்லும் இங்கிலீஷ் புத்தகம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, தினமும் காலையில் ஒரு பக்கத்தை உரக்கப் படித்துத் தமிழிலும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நடுச்சுவர் மெல்லியது. காசு கொடுக்காமலே எனக்கும் எல்லாப் பாடமும் வந்துவிடும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பக்கம் சொன்னதைச் செய்து பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டார். "செய்யாம திருப்பறது திருட்டுத்தனம்ண்ணா" என்பார்.

விடியுமுன் குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும் என்ற பக்கம் மார்கழியில் வந்து தொலைத்தது. குளித்தார். காய்ச்சலில் படுத்தார். எழுந்து வந்தபோது தலையில் கம்பளி சுற்றியிருந்தது. "இன்னாப்பா ஆச்சு?" என்று கேட்டேன். "எழுதினவரு நம்ப ஊர் குளிர பாக்கலண்ணா" என்று சொல்லிவிட்டு, போய் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். செய்தாயிற்றே!

அந்தக் குளிர் அவர் உடம்பைத்தான் படுத்தியது. பின்னால் வந்த ஒரு பக்கம் கடையையே படுக்க வைக்கப் பார்த்தது. யார் வந்தாலும் ஒரே விலை சொல்ல வேண்டும், சொன்ன விலையை மாற்றக் கூடாது என்றது அது. மறுநாளே எல்லாத் துணியிலும் விலைச் சீட்டு குத்திவிட்டார். நம் ஊர்ப் பெண்கள் புடவை எடுக்க வருவது புடவைக்காக மட்டுமா? விலையைக் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டும், எழுந்து போக வேண்டும், கடைக்காரன் கூப்பிட வேண்டும், திரும்பி வர வேண்டும். கன்னியப்பன் கூப்பிடவே மாட்டார். "இன்னா மனுஷன் இவரு! போறேன்னா போங்கன்றாரு!" என்று திட்டிக்கொண்டே எல்லோரும் என் கடைப்படி ஏறினார்கள். எனக்கு நல்ல வியாபாரம். மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆடி முடிந்தும் அவர் கடையில் மூட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. ஒருநாள் சுரங்கத்து மேஸ்திரி வந்து, "கை தெரிஞ்ச ஆளு வேணும் கன்னியப்பா. வந்துடு" என்றார். கன்னியப்பன் மாட்டேன் என்று சொல்லவில்லை. "தீபாவளி போவட்டும்" என்றார். சாப்பாடு கொண்டுவந்த மங்கம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பொஸ்தகத்த அடுப்புல போடுப்பா. நாலு வார்த்த ஏத்தி எறக்கிப் பேசினா இன்னா கொறஞ்சிடும்?" என்று சத்தம் போட்டேன்.

"எனக்கு வரலண்ணா. கீழ முட்டு வெக்கறப்போ இருக்கற அளவுதான் அளவு. அதுல பேரம் கெடையாது. அப்பிடியே பழகிட்டேன்" என்றார். சுத்த மடத்தனம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

தீபாவளிக்கு முன்பு, காலை ஷிப்ட் முடிந்து மேலே வந்த ஆள் ஒருவர் முகத்தில் புழுதியோடு அவர் கடையில் நுழைந்தார். "சமுசாரத்துக்குப் பொடவ வேணும். எனக்கு வெல பேசத் தெரியாது. போன வருசம் ஏமாந்துட்டு வூட்ல வாங்கிக் கட்டிக்கினேன்" என்றார். போன வருஷம் எந்தக் கடையில் வாங்கினார் என்பதை நான் ஏன் சொல்ல வேண்டும்? கன்னியப்பன் சீட்டைக் காட்டினார். "ராணி வந்தாலும் இதான் வெல. தைரியமா எடுத்துனு போங்க." அந்த ஆளின் மனைவி மறுநாள் புடவையோடு வந்து, தன் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டிப் பேசிப் பார்த்தார். காலணாகூட இறங்கவில்லை. கணவன் ஏமாறவில்லை என்று அவருக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று. சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் முழுக்கச் செய்தி போய்விட்டது. பேரம் பேசத் தெரியாத ஆண்களும், பாஷை தெரியாமல் புதிதாய் வந்தவர்களும் ஷிப்ட் விட்டதும் நேரே அங்கே வந்தார்கள். தீபாவளி முடிந்து மேஸ்திரி மறுபடி வந்தபோது, மங்கம்மாள்தான் பதில் சொன்னார். "அவரு வரமாட்டாருங்க. நீங்க வேணா ஒரு வேட்டி எடுத்துனு போங்க."

பழைய சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கியிருந்தது போலும். கடைசி மாதங்களில் இருமல் அவரை உட்கார வைத்துவிட்டது. பார்க்கப் போன நான், பேச்சை மாற்றுவதற்காக, "பொஸ்தகம் முடிஞ்சுதா? பெரிய மனுஷனா ஆயிட்டியா?" என்று கேலி செய்தேன். "பாதிகூட ஆவல" என்று சிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "சொரங்கத்துல விபத்துன்னு சங்கு ஊதினா இங்க எல்லா வூட்லயும் பொம்பளைங்க வாசலுக்கு வந்து நிப்பாங்க. மங்கம்மா அடுப்பு வேலைய வுட்டு எழுந்திருக்க மாட்டா. எனக்கு அது போதும்ண்ணா" என்றார். உள்ளே மங்கம்மாள் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்துவிட்டது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த வயதில் என் வாயை மாற்ற முடியாது. பெண்களோடு இன்றும் பேரம் பேசுகிறேன். ஆனால் அவர் கடை மூடிக்கிடக்கிறபடியால் ஷிப்ட் விட்ட ஆட்கள் இப்போது என் கடைக்கு வருகிறார்கள். முகம் கழுவாத ஆளைக் கண்டால் கடைசி விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்று சந்தேகமாகக் கேட்கிறார்கள். "சொல்ல மாட்டாங்க, போங்க" என்கிறேன்.