வுர்யானி கொடுக்காத சம்மதம்

வுர்யானி ஹஜ் முடித்து ஊர் திரும்பிய மூன்றாம் நாளே பேரீச்சம்பழம் தீர்ந்துபோயிற்று. இந்தோனேசியாவின் மலாங்குக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் மொத்தமே நானூறு வீடுதான். பார்க்க வந்தவர்களோ ஆயிரத்துச் சொச்சம். ஒரே ஆசாமி தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மூன்று முறை மெக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதற்குச் சாட்சி உண்டு.

கெச்சாமாத்தான் என்கிற வட்டார அலுவலகத்துக்கு எதிரே அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அடையாள அட்டை நகல், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். ஐம்பத்தேழு வயதில், கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு அவள் வேறொரு வேலையும் பார்த்துவந்தது ஊரில் ஓரிருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் புரியாது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் கூடி எழுதுகிற கணினி இயங்குதளம் ஒன்றில், ஒரு பழைய நெட்வொர்க் கார்டுக்கான டிரைவரைப் பதினெட்டு வருஷமாகப் பராமரித்துவந்தாள். டிரைவர் என்றால் மூவாயிரம் வரி நிரல். கணினிக்கும் அந்தக் கார்டுக்கும் நடுவே நின்று இவன் பேச்சை அவனுக்குச் சொல்கிற மொழிபெயர்ப்பாளன். கார்டைச் செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. அதன் வேகத்துக்கு ஒரு படத்தை அனுப்பிவிட்டு, அரிசி களைந்து உலையேற்றி, வடித்து, சாப்பிட்டு, கையும் கழுவிவிட்டு வரலாம். படம் பாதிதான் போயிருக்கும். ஆனால் புழுதி, ஈரம், பல்லி எதற்கும் அசையாது. உலகத்தில் மொத்தம் முப்பத்திரண்டு இடத்தில் அது ஓடுவதாக வுர்யானி கணக்கு வைத்திருந்தாள். அதில் ஒன்று மூழ்கிப்போன கப்பலில் இருக்கிறது. மீன்களிடமிருந்து இதுவரை புகார் வரவில்லை.

இயங்குதளத்தின் பராமரிப்பாளர் பட்டியலில் அந்த டிரைவருக்கு நேரே இரண்டு பெயர்கள்: வுர்யானி, ஹண்டோகோ. ஹண்டோகோ உறவில்லை; அவளை 'ம்பா', அதாவது அக்கா, என்று கூப்பிடும் சக நிரலாளன். கடைப் பலகையில்கூட இறந்துபோன கணவர் பெயர்தான் இருந்தது. அவள் பெயர் அச்சான ஒரே இடம் அந்தப் பட்டியல்.

நாலாம் நாள் சர்க்கரை ஆலையின் எடைமேடைப் பொறுப்பாளர் பாக் சுவிக்னியோ வந்தார். கரும்பு லாரிகளை எடை போடும் கணினிகள் எல்லாம் அந்தக் கார்டில்தான் ஓடின. தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தவர், போகும்போது தயங்கி, அம்மா என்பதற்கு அங்கே சொல்லும் 'இபு'வில் ஆரம்பித்தார்.

"இபு ஹாஜி, தப்பா நெனைக்காதீங்க. இவ்ளோ பெரிய முடிவு எடுத்தீங்களே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன முடிவு, பாக்? மறுகல்யாணமா?"

"அட, சிரிக்காதீங்க இபு. அந்த டிரைவரத் தூக்கியாச்சாமே. அடுத்த பதிப்புலருந்து எங்க மெஷின் எதுவும் ஓடாதுன்னு ஒரு கம்பெனிக்காரங்க காகிதம் கொண்டாந்து குடுத்தாங்க. எல்லாத்தையும் புதுசா மாத்தணுமாம்."

"யாரு தூக்குனது?"

"நீங்கதான்! உங்க பேரே போட்டிருக்கே."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். வுர்யானி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். டிரைவரை நீக்கும் திருத்தம். 'பயனர் யாரும் இல்லை' என்று காரணம். அனுப்பியவர் ஹண்டோகோ. அதற்குக் கீழே தனி வரியில்: ஒப்புதல், வுர்யானி.

அந்த ஒப்புதல் வரி சாதாரண வரி அல்ல. அந்த உலகத்தில் கையெழுத்து, முத்திரை, சத்தியம் மூன்றும் அதுதான். ஒருவர் பெயரை அவர் சொல்லாமல் இன்னொருவர் அங்கே எழுதமாட்டார். எழுதலாம் என்ற நினைப்பே யாருக்கும் வராது. அதனால்தான் எங்கேயோ பனி பெய்யும் ஊரில் உட்கார்ந்து எல்லா நெட்வொர்க் டிரைவர்களுக்கும் பொறுப்பு வகிக்கும் ஆக்ஸல், அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்.

தேதியைப் பார்த்தாள். மே பத்து, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

அவள் மெக்காவில் இருந்தபோதல்ல. விமானம் ஏறியபிறகும் அல்ல. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அவள் கடையில் உட்கார்ந்து யாரோ ஒருவரின் திருமணச் சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் சனிக்கிழமைதான் வழியனுப்பு விருந்து. ஹஜ் போகிறவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவளும் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கேட்டாள். ஹண்டோகோ வந்தான். ரவோன் என்னும் கறுப்புக் கறிக்குழம்பு மூன்று தட்டு சாப்பிட்டான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ம்பா வுர், நீங்கதான் என்னை மன்னிக்கணும், தெரிஞ்சது தெரியாதது எல்லாத்தையும்" என்று தேம்பித் தேம்பி அழுதான். பக்கத்திலிருந்த பெண்கள் எல்லாம் சேர்ந்து அழுதார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்து அழுதார். வுர்யானியும் அழுதுகொண்டே, "எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன் டிக் ஹான், தம்பிக்கு அக்கா மன்னிக்காம யாரு மன்னிப்பா" என்றாள்.

அப்போது அந்தத் திருத்தம் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

தாளைப் பார்த்த அந்த வாரச் சனிக்கிழமை காலை, அவளும் ஹண்டோகோவும் வழக்கமாகச் சந்திக்கும் காப்பிக் கடைக்குப் போனாள். பதினெட்டு வருஷமாக அந்த மேஜையில்தான் அவள் எழுதிய வரிகளை அவன் படிப்பான், அவன் எழுதியதை அவள் படிப்பாள். அவன் முன்பே வந்து, அவளுக்கும் சேர்த்துக் காப்பி சொல்லியிருந்தான். சட்டையில் அவன் புதிதாகச் சேர்ந்த கம்பெனியின் பெயர் தைத்திருந்தது; ஆலைக்குக் காகிதம் கொடுத்ததும் அதே கம்பெனிதான்.

தாளை மேஜையில் வைத்தாள். அவன் அதைப் படிக்கவில்லை.

"ம்பா, அந்தக் கார்டு செத்து இருவது வருஷமாச்சு. பொணத்துக்கு நாம ரெண்டு பேரும் சோறு ஊட்டிட்டிருந்தோம். யாராவது ஒருத்தர் பொதைக்கணும்ல?"

"பொதைச்சுக்க. மண்வெட்டிய எதுக்கு என் கையில குடுத்து ஃபோட்டோ எடுத்த?"

"உங்ககிட்ட கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா. அதுக்குப் பேருதான் கேக்குறது."

கரண்டியால் காப்பியைக் கலக்கினான். சர்க்கரை போடாத காப்பி அது.

"கம்பெனில என்னை ஆலைங்களுக்குப் பொறுப்பா போட்டிருக்காங்க. பழசு ஓடுற வரைக்கும் புதுசை ஒருத்தனும் வாங்கமாட்டான். நான் என்ன செய்யட்டும்?"

"ஆக, முப்பத்திரண்டு இடத்துல ஓடுறத, பயனர் யாருமில்லன்னு எழுதுன."

"அதுல ஒண்ணு கடலுக்கடியில, ம்பா."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். சிரிப்பு வராததைக் கண்டு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பாருங்க, நீங்க ஒண்ணும் சொல்லாம விட்டாப் போதும். எழுதிக் குடுத்தா என்னை அந்தப் பட்டியல்லருந்து அடிச்சுத் துரத்திருவாங்க. பதினெட்டு வருஷப் பேரு போயிரும். அன்னிக்கே எல்லார் முன்னாடியும் மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்கல்ல. ஹஜ்ஜும் முடிச்சாச்சு. இப்போ வார்த்தை மாறலாமா?"

வுர்யானிக்குக் கன்னம் சூடேறியது. திருத்தத்தில் பெயரை எழுதியதுகூட இவ்வளவு சுடவில்லை. அவன் அன்றைக்கு அழுத அழுகை நிஜம். அது அவளுக்குத் தெரியும். நிஜமாகவே அழுது, அதற்குக் கிடைத்த மன்னிப்பை இன்றைக்கென்று முன்கூட்டியே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான்.

"மன்னிச்சது மன்னிச்சதுதான்," என்றாள். "அதுல நான் மாறல. ஆனா மன்னிப்பக் குடுத்தேன், டிக் ஹான். சம்மதத்தக் குடுக்கல. ரெண்டும் வேற வேற பொட்டி."

காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

கடையைத் திறந்து, ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு, இயங்குதளத்தை எழுதுகிற எல்லாரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு எழுத உட்கார்ந்தாள். முதலில் ஒரு பக்கம் எழுதினாள். அதில் ரவோன் குழம்புகூட வந்துவிட்டது. அழித்தாள். இரண்டாம் முறை அரைப் பக்கம். அதையும் அழித்தாள். கடைசியில் மூன்று வரி நின்றது: 'இந்த ஒப்புதலை நான் கொடுக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. இந்தக் கார்டு இயங்கும் இடங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.' அனுப்பும்போது பட்டியலில் ஓரிடத்தைக் குறைத்து முப்பத்தொன்று ஆக்கினாள். பொய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இரண்டு நாளில் டிரைவர் திரும்ப வந்துவிட்டது. ஆக்ஸல் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் வருத்தம் தெரிவித்தார். ஹண்டோகோவிடம் விளக்கம் கேட்டார். பதில் இல்லை. மறுவாரம் பட்டியலிலிருந்து அவன் பெயர் எடுக்கப்பட்டது. பாக் சுவிக்னியோ ஒரு கட்டுக் கரும்போடு வந்து, "எங்க மெஷின் பொழைச்சிருச்சு, இபு ஹாஜி! கம்பெனிக்காரன் காகிதத்தைத் திருப்பிக் குடுத்தாச்சு" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. பதினோரு வரி. தானே எழுதி, தானே இரண்டு முறை படித்து அனுப்பினாள். அரை நாளில் பிரேசிலிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் மிகுந்த மரியாதையோடு சுட்டிக்காட்டியிருந்தார்: ஏழாவது வரியில் பூட்டைப் போட்டீர்கள், திறக்கவில்லை.

குழந்தை செய்கிற தப்பு. ஹண்டோகோவாக இருந்தால் முதல் வாய் காப்பி உள்ளே போகுமுன் கண்டுபிடித்து, "ம்பா, இன்னும் தூங்கி எந்திரிக்கலயா?" என்று கேட்டிருப்பான்.

வுர்யானி அந்த வரியைச் சரி செய்தாள். பிரேசில்காரருக்கு நன்றி எழுதினாள். வெளியே ஒரு பெண் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எத்தன காப்பி?" என்று வுர்யானி கேட்டது கோபமாக வந்தது. அந்தப் பெண் பயந்துபோய், "ஒண்ணு போதும் இபு" என்றாள்.