தூளி கட்டிய தூண்

எண்பதுகளில் டெல்லிப் பூங்கா ஒன்றில் மோனோ ரயில் ஓட்டினேன். பாதையை நீட்டும் வேலை முடியுமுன்பே புதுத் தூண்கள்மேல் வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் பழைய தூணில் சித்தாள் ஒருத்தி தூளி கட்டியிருந்தாள். “ஹட்டாவோ இஸ்கோ!” என்று, அதை அவிழ்க்கச் சொல்லி இந்தியில் கத்தினேன்.

நான் தமிழன் என்று தெரியாமல் பக்கத்திலிருந்தவளிடம் பொருமினாள்: “புதுத் தூணுல கட்டுனா வண்டி போறப்பல்லாம் ஆடுது, புள்ள முழிச்சுக்குது. இந்தாளுக்கு என்ன தெரியும்?”

புதுத் தூண்களில் ஏறிப் பார்த்தேன். போல்ட்டுகள் கையாலேயே சுழன்றன.

இன்ஜினியர் வந்து அவற்றை முறுக்க வைத்தார். “ஷாபாஷ்!” என்று என் முதுகில் தட்டினார். அவளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள், தூளி கட்டக் கூடாதென்று அவள் கட்டியிருந்த பழைய தூணில் பலகை மாட்டினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.