டொரோண்டோவுக்கு எவ்வளவு தூரம்

சென்னையிலிருந்து டொரோண்டோவுக்குப் பதிமூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும் என்று எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ஐ.டி. பெண் போனில் பார்த்துச் சொன்னாள். நேர் விமானம் கிடையாதாம். நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு நாள். அவள் உதவியாகத்தான் சொன்னாள். நான் அதைச் சாக்காக எடுத்துவைத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு அங்கே தலைப்பிரசவம். முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அவளால் அம்பத்தூருக்கு வர முடியாது. அதனால் நான்தான் போக வேண்டும். பாஸ்போர்ட், விசா எல்லாவற்றையும் அவளே அங்கிருந்து முடித்துவிட்டாள். டிக்கெட் போடுவதற்கு முன் கேட்டபோது, "அவ்வளவு நேரம் உக்காந்தா கால் வீங்கிடும் கண்ணு" என்றேன்.

"அப்ப வேணாம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று உடனே விட்டுவிட்டாள். கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் தேவலை.

என் காலுக்கு ஒன்றுமில்லை. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலை முதல் மாலை வரை மிஷினில் உட்கார்ந்து பல வருஷம் சட்டை தைத்தவள் நான். என் பயமெல்லாம் அந்த நடு ஊர்தான். ஒன்பதாவதோடு நின்ற படிப்பு. பஸ்ஸில் நிறுத்தம் தாண்டிவிட்டால்கூடக் கண்டக்டரிடம் வாய் திறக்காமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். அவ்வளவு பெரிய இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று யாரைக் கேட்பேன்? இதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கால் என்று சொன்னால் கௌரவமாக இருந்தது.

அடுத்த வாரம் வேப்பம்பட்டிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். முட்டி தேய்ந்தவர். மாடி ஏறி வந்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இன்னா அண்ணி, கால் வீங்குதாமே? மருமவ சொல்லிச்சு. போன்ல ஒரே அழுவை. சரி, நான் வரேம்மான்னுட்டேன்."

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா?"

"முட்டி இன்னா, அதுவும் கூடத்தான் வரும். உங்களுக்கு விசா எடுத்தப்பவே எனக்கும் எடுத்தாச்சே. டிக்கெட்லயே வீல்சேர் போட்டுட்டான் என் புள்ள. ஒருத்தன் தள்ளிகினு போய் அடுத்த பிளேன்ல குந்த வெச்சிடுவானாம். இங்கிலீஷ் தெரியாத அம்மாங்க எல்லாம் அப்டித்தான் போறாங்களாம். நல்லா நடக்கிறவங்களே ராணி மாரி குந்திகினு போறாங்களாம் அண்ணி!"

அவர் சிரித்தார். நான் காபி போடும் சாக்கில் உள்ளே போய், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் கிளம்பியதும் மகளைக் கூப்பிட்டேன்.

"காலுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. வழியில யாரையும் கேக்கத் தெரியாதேன்னு பயம். நான் வரேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. உன் காலுக்காக இங்க டாக்டர்கிட்ட வேற கேட்டேன்."

"இப்ப சொல்றேனே."

"அத்தைக்கு டிக்கெட் போட்டாச்சும்மா. ஆசையா கிளம்புறவங்களை எப்படி வேணாம்னு சொல்றது? அவங்க திரும்பினதும் நீ வா."

சரி என்றேன். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அம்மா, வலி எடுத்தா எப்படி இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே சொல்ல வேண்டியதை, நான் போனில் சொல்ல ஆரம்பித்தேன்.