ஈரலுக்கு ஒரு பக்கம், கிட்னிக்கு ஒரு பக்கம்

லேப்பில் ரத்தம் எடுப்பது சுலபம். சிறுநீர் வாங்குவதுதான் பெரும்பாடு. சிதம்பரத்திலிருந்து தினமும் கடலூர் லேப் வேலைக்கு பஸ் ஏறிப் போய் அந்தப் பாட்டைத்தான் படுகிறேன். பாப்பா வயிற்றில் இருந்தபோது வந்த சர்க்கரை, அவளுக்கு மூன்று வயதாகியும் என்னை விடவில்லை. போன மாதம் ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்றார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டு மூன்று வாரம் என் கைப்பையிலேயே கிடந்தது. சர்க்கரையோடு குடித்தனம் நடத்தும் உங்களுக்கு அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சீல் வைத்த பட்டம்

ஸ்ரீமுஷ்ணத்துக்கார அம்மா ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்கச் சொன்னார். "ஈரல்ல கொழுப்பு ஜாஸ்தியா இருக்கும்மா" என்றேன். கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினார்: "முப்பது வருசமா ஒங்கம்மா எனக்குக் கொழுப்புன்னு வாயால சொன்னாங்க, இப்ப சீல் வச்சே குடுத்துட்டாங்க, போதுமா?"

ஒருத்தன் படுத்தா

நெல்லிக்குப்பத்து ஆலைத் தொழிலாளி ஒருவர் டப்பாவை வாங்கவே மாட்டேன் என்றார். "கோளாறு ஈரல்லன்னாங்க. நீ எதுக்கும்மா மூத்திரம் கேக்குற?"

நியாயமான கேள்விதான். கான்வென்ட்டில் ரெக்கார்டு நோட்டில் ஈரலை ஒரு பக்கம், கிட்னியை ஒரு பக்கம் வரைந்து சிஸ்டரிடம் 'குட்' வாங்கியவள் நான். ரெண்டும் தனித்தனி என்றே நம்பியிருந்தேன்.

சர்க்கரை உள்ளவருக்கு ஈரலில் கொழுப்பும் சேர்ந்தால் கிட்னி கெட வாய்ப்பு ஜாஸ்தி, ஆரம்பத்தில் வலிக்காது, சிறுநீர்தான் காட்டிக்கொடுக்கும் என்று சொன்னேன். டப்பாவை வாங்கிக்கொண்டு யோசித்தார். "அப்ப ரெண்டு பேரும் மாமன் மச்சானா? ஒருத்தன் படுத்தா இன்னொருத்தனும் லீவு போட்டுடுவானா?"

ஜில்லென்று ஒரு டப்பா

திட்டக்குடி விவசாயி நீட்டிய டப்பா ஜில்லென்றிருந்தது. அப்போதுதான் பிடித்த சிறுநீர் என்றால் கையில் சூடு தெரியும். "ஐயா, இது கொழாத் தண்ணி" என்றேன். தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். இப்பப் போயி கெட்ட சேதி வேணாம்மா." நான் வேறு டப்பா எடுத்து நீட்டினேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். "நீயா இருந்தா குடுப்பியா?"

என் முறை

மறுநாள் காலை டப்பாவில் என் பெயரை எழுதினேன். மிஷின் பார்க்கும் செல்வியிடம் கொடுத்தேன். பெயரைப் படித்தாள். டப்பாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சூடாத்தான் இருக்குக்கா. ஒங்கள நம்பலாம்."

புரதம் லேசாகக் கசிகிறதாம், இப்போதே தெரிந்தது நல்லது என்கிறார் டாக்டர். ஈரலையும் கிட்னியையும் ஒரே பக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறேன், சிஸ்டர் இதற்கு 'குட்' போடுவாரா தெரியவில்லை.